வீட்டு பீருக்கு மதுக்கூடத்துக் கெக்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது?

மதுக்கூடங்களுக்கு பீர் போகிற அதே எஃகுப் பீப்பாயை, அதாவது கெக்கை, வீட்டில் காய்ச்சும் பீருக்குப் பயன்படுத்தும்போது பெரிய சங்கடம் ஒன்று உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. மூடியைத் திறந்து கையை விட்டுத் தேய்க்கிற சோடா கெக் வேறு. இதன் கழுத்து சுமார் 2 அங்குல அகலம்தான், அதையும் ஸ்பியர் என்கிற நீளக் குழாய் அடைத்துக்கொண்டு நிற்கும். அதனால் நுரை, ருசி, சத்தம், எடை ஆகியவற்றை வைத்துத்தான் கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இத்தனை வருடப் பழக்கத்தில் எனக்கு உறுதியான ஒன்று: பீரில் எந்தக் குறை வந்தாலும் எஃகைச் சந்தேகிக்கும் முன் ரப்பரைச் சந்தேகியுங்கள். கெக்கின் உடம்பு பல வருடம் உழைக்கும். கோளாறு பெரும்பாலும் கப்ளருக்குள் இருக்கிற விரல்நுனி அளவு வாஷர்களில்தான் தொடங்கும்.

கப்ளரைப் பற்றி இரண்டு வரி. கெக்கின் வாயில் வைத்துத் திருகி, கைப்பிடியை அழுத்திப் பூட்டுகிற பாகம் அது. பக்கவாட்டில் கேஸ் (கார்பன் டை ஆக்சைடு) உள்ளே போகும், மேலே பீர் வெளியே வரும். கேஸ் வழியில் உதடு மாதிரி ஒரு சின்ன ரப்பர் வால்வு இருக்கும், தாமஸ் வால்வு என்பார்கள். பீர் திரும்பி கேஸ் குழாய்க்குள் ஏறாமல் அது தடுக்கும். பீர் வழியில் ஒரு குட்டிப் பந்து, பீர் திரும்பி கெக்குக்குள் இறங்காமல் தடுக்க. அடியில் இரண்டு வாஷர்கள்: பெரியது கெக்கின் கழுத்தில் உட்காரும், சின்னது நடுத்தண்டைச் சுற்றி கேஸையும் பீரையும் பிரித்து வைக்கும். இந்த நாலு உருப்படியும் உதிரியாக ஒரு ஜோடி எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

கெக் எப்படிக் கைக்கு வந்தது என்பதும் முக்கியம். உடம்பில் மதுவாலையின் பெயர் பொறித்திருந்தால் அது அவர்களுடைய சொத்து. முன்பணம் கட்டி எடுத்து வந்தது விலைக்கு வாங்கியதாகாது. பெயர் பொறிக்காத புதிய கெக், அல்லது உரிமையோடு விற்கப்படுகிற பழைய கெக், இரண்டில் ஒன்றை வாங்குங்கள்.

முதல் கிளாஸ் மட்டும் நுரை, அப்புறம் சரியாக வருகிறது

கெக்கில் குறையில்லை. கெக் குளிரில் இருக்கிறது. பீர் பிடிக்கிற டேப்பும் அதற்கு முந்தைய குழாயும் அறை வெப்பத்தில் இருக்கின்றன. சூடான உலோகத்தில் பட்டதும் பீரில் கரைந்திருந்த கேஸ் பிரிந்து நுரையாகிறது. குளிர்ந்த காற்று டேப் வரை எட்ட ஒரு சின்ன விசிறி வைத்தால் போதும்.

எல்லா கிளாஸும் நுரை

இங்கே பலரும் முதலில் செய்வது ரெகுலேட்டரைத் திருகி அழுத்தத்தைக் குறைப்பது. அன்றைக்கு நிம்மதியாக இருக்கும். மறுநாள் நுரை இன்னும் மோசமாகும். பீரில் ஏறியிருக்கிற கேஸுக்குத் தேவையான அழுத்தத்தைவிடக் குறைவாக வைத்தால், கேஸ் குழாயிலேயே பிரிய ஆரம்பிக்கும். அதனால் ரெகுலேட்டரைத் தொடாதீர்கள். ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு பீர் லைனை, அதாவது கப்ளரிலிருந்து டேப்புக்குப் போகிற குழாயை, பாருங்கள். ஒளி ஊடுருவும் குழாயாக இருந்தால் குமிழி எங்கே பிறக்கிறது என்பது அப்படியே தெரியும்.

குமிழி கப்ளரின் தலையிலிருந்தே புறப்பட்டால் நடுத்தண்டின் வாஷர் போய்விட்டது. கேஸ் நேராக பீர் வழியில் நுழைகிறது. எனக்கு ஒருமுறை மூன்று வாரம் நுரை விடவே இல்லை. குளிரைக் கூட்டினேன், லைனை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தபோது, கப்ளருக்கு ஒரு விரற்கடை மேலே, கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக, நூல் பிடித்தமாதிரி ஏறிக்கொண்டிருந்தன. கழற்றிப் பார்த்தேன். வாஷர் முழுசாகத்தான் தெரிந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மடக்கியபோதுதான் மயிரிழை அளவு கீறல் ஒன்று வாய் பிளந்தது. அதனால் வாஷரைக் கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு கட்டாதீர்கள், மடக்கிப் பாருங்கள்.

குமிழி லைனின் நடுவில் பிறந்தால், அந்த இடம் சூடாக இருக்கிறது, அல்லது அழுத்தம் போதவில்லை. டேப் வரை பீர் தெளிவாக வந்து வாயில் மட்டும் நுரைத்தால் டேப்பைக் கழற்றிக் கழுவுங்கள். காய்ந்த பீர் பிசுக்கு சொரசொரப்பாக ஒட்டியிருக்கும், ஒவ்வொரு சொரசொரப்பும் ஒரு குமிழி ஊற்று.

எங்குமே குமிழி இல்லாமல், பீர் சீறிக்கொண்டு வந்து கிளாஸில் நுரைத்தால் லைன் குட்டை. 3 டிகிரி செல்சியஸில் 12 பி.எஸ்.ஐ., அதாவது சுமார் 0.8 பார் அழுத்தம் வைப்பவர்களுக்கு, 5 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாய் 3 மீட்டர் இருந்தால் பீர் அடங்கி வரும். ஒரு மீட்டர் குழாயை வைத்துக்கொண்டு வேறு எதைத் திருகியும் பயனில்லை.

கைப்பிடியை அழுத்தினாலும் பீர் வரவில்லை

சிலிண்டரில் கேஸ் இருக்கிறதா, வழியிலுள்ள வால்வுகள் எல்லாம் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தும் வரவில்லையென்றால் கப்ளர் வகையைப் பாருங்கள். அமெரிக்கக் கெக்குகளில் டி வகையும், ஐரோப்பியக் கெக்குகள் பலவற்றில் எஸ் வகையும் வரும். இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், நடுத்தண்டின் நீளம் மட்டும் வேறு. மாற்றிப் போட்டால் பூட்டிக்கொண்ட மாதிரி இருக்கும், உள்ளே வால்வு ஒழுங்காகத் திறக்காது.

கப்ளரும் சரிதான் என்றால், கழுவியபின் தாமஸ் வால்வைத் தலைகீழாகப் போட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். உதடு கெக்கைப் பார்த்து இருக்க வேண்டும். கொஞ்சம் வந்து நின்றுபோனால் ஹாப் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) துணுக்கு அடைத்திருக்கும். கேஸை மூடி, கப்ளரை எடுத்து, பந்தைக் கழற்றிக் கழுவிப் போடுங்கள். உலர் ஹாப் போடுகிறவர்கள், அதாவது காய்ச்சிய பிறகு மணத்துக்காக ஹாப் சேர்க்கிறவர்கள், கெக்குக்குள் ஹாப்பைப் போடாமல், நொதிக்கும் பாத்திரத்திலேயே போட்டு நன்றாகத் தெளிய வைத்து மாற்றினால் இந்தத் தொல்லை வராது.

பீரில் கேஸே ஏறவில்லை

குளிர் போதவில்லை, அல்லது பொறுமை போதவில்லை. ஒரே 12 பி.எஸ்.ஐ. 3 டிகிரியில் பீருக்குள் அதன் கனஅளவைப்போல சுமார் 2.5 மடங்கு கார்பன் டை ஆக்சைடைக் கரைக்கும், 20 டிகிரியில் 1.5 மடங்குக்கு மேல் போகாது. அழுத்தத்தை வைத்துவிட்டு ஒன்றிரண்டு வாரம் விட்டுவிடுங்கள்.

அவசரம் என்றால் ஒரு வழி உண்டு. கப்ளரின் பந்தை எடுத்துவிட்டு, கேஸை பீர் வரும் வழியிலேயே செலுத்துங்கள். அது ஸ்பியர் வழியாக அடிவரை இறங்கி பீருக்குள் குமிழ்த்து மேலே வரும்போது வேகமாகக் கரையும். ஆனால் அழுத்தம் குறைந்தால் பீர் அப்படியே ரெகுலேட்டருக்குள் ஏறிவிடும். கேஸ் குழாயில் ஒரு பக்கம் மட்டும் விடுகிற நான்-ரிட்டர்ன் வால்வு இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

சிலிண்டர் சீக்கிரம் காலியாகிறது

சிலிண்டரைத் தராசில் வையுங்கள். அதன் அழுத்தக் கடிகாரம் காட்டுவதை நம்பாதீர்கள். உள்ளே திரவம் இருக்கும்வரை முள் நகராது, நகர ஆரம்பிக்கும்போது கேஸ் தீரப்போகிறது. 20 லிட்டர் கெக் ஒன்றுக்குக் கேஸ் ஏற்றவும் ஊற்றவும் சேர்த்து 200 கிராமுக்குள் முடிய வேண்டும். அதைத் தாண்டினால் கசிவு. சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள். கப்ளரின் கழுத்து வாஷரைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள், அங்கே தாராளமாக ஊற்றுங்கள்.

கெக்கையும் சிலிண்டரையும் மூடிய சின்ன அறையில் வைத்திருப்பவர்கள் கசிவைப் பணப்பிரச்சினையாக மட்டும் நினைக்கக் கூடாது. கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, தரையை ஒட்டித் தேங்கும், ஆளை மயக்கும், கொல்லவும் செய்யும். உள்ளே போனதும் தலை வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே வெளியே வந்து கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள்.

ருசி கெட்டுவிட்டது

எந்த ருசி என்பதைப் பிறகு பார்க்கலாம். கெட்டது கெக்கிலா, லைனிலா என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு ஒரு முழம் புதுக் குழாய் போதும். கழுவிய கப்ளரில் அதை மாட்டி, அழுத்தத்தை மிகவும் குறைத்து, கெக்கிலிருந்து நேராக ஒரு வாய் பிடியுங்கள். டேப்பிலிருந்து ஒரு வாய். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். குழாய் பீர் நன்றாக இருந்து டேப் பீர் கெட்டிருந்தால், கெக்கில் இருக்கும் பீர் பிழைத்தது.

வினிகர் புளிப்பு டேப்பில் மட்டும் இருந்தால் அசிட்டிக் பாக்டீரியாவின் வேலை. அதற்குக் காற்று வேண்டும், அதனால் பீர் ஒட்டிக் காயும் டேப் மூக்கில்தான் குடியிருக்கும். வெண்ணெய் வாடை என்றால் லைன் சுவரில் பாக்டீரியா படலம் கட்டியிருக்கலாம். லைனை 14 நாளுக்கு ஒருமுறை 2 சதவீதக் காஸ்டிக் சோடா கரைசலால் கழுவுவதும், 3 மாதத்துக்கு ஒருமுறை அமிலக் கழுவு கொடுப்பதும் மதுக்கூடங்களில் உள்ள நல்ல பழக்கம். வீட்டிலும் அதையே வைத்துக்கொள்ளலாம். பழைய லைனில் வாடை ஊறிவிட்டால் கழுவிப் போராடாமல் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டுங்கள்.

நேராகப் பிடித்த பீரிலும் ஈரமான அட்டைப்பெட்டி வாடை வந்தால் அது கிருமி இல்லை, ஆக்சிஜன். பெரிய கெக் வைத்திருக்கும் வீட்டுக்காரர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். 50 லிட்டர் கெக்கில் 20 லிட்டர் பீரை ஊற்றினால் மேலே 30 லிட்டர் காற்று உட்கார்ந்திருக்கிறது. கேஸை 1 பார் வரை ஏற்றித் திறந்துவிட்டால் காற்று பாதிதான் குறையும். ஐந்து தடவை செய்தாலும் 21 சதவீத ஆக்சிஜன் 0.7 சதவீதத்துக்கு அருகில்தான் வரும், பீருக்கு அதுவே அதிகம். நல்ல வழி, கெக்கை விளிம்புவரை கிருமிநீக்கிக் கரைசலால் நிரப்பி, கேஸால் முழுவதையும் தள்ளி வெளியேற்றுவது. கரைசல் விட்ட இடத்தில் கேஸ் மட்டும்தான் இருக்கும். 50 லிட்டருக்கு 100 கிராம் கேஸ், சற்றுக் கூடவோ குறையவோ செலவாகும். செலவைப் பார்த்துத் தயங்க வேண்டாம், பீரின் மணம் வாரக்கணக்கில் நிற்கிறது.

அப்புறம் நிரப்பும்போதும் ஸ்பியரைக் கழற்ற வேண்டியதில்லை. கப்ளரிலிருந்து பந்தையும் தாமஸ் வால்வையும் எடுத்துவிட்டு, பீரை மேல் வழியில் இறக்குங்கள். அது ஸ்பியர் வழியாக அடியில் போய் அமைதியாக மேலேறும், உள்ளே இருந்த கேஸ் பக்க வழியில் வெளியேறும். எவ்வளவு நிரம்பியது என்பதைத் தராசு சொல்லும்.

கழுவிய பிறகும் வாடை அடிக்கிறது

பைப்புத் தண்ணீரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டுவது கழுவுதல் ஆகாது. மதுவாலையில் கெக்கைத் தலைகீழாக நிறுத்திக் கழுவுவார்கள், அதையே வீட்டிலும் செய்யலாம். வால்வுகள் எடுத்த கப்ளரைப் பூட்டி, கெக்கைக் கவிழ்த்து ஒரு தாங்கியில் நிறுத்துங்கள். அடியில் பக்கெட், பக்கெட்டில் சூடு தாங்கும் பம்பு. பம்பிலிருந்து குழாய் பீர் வழிக்குப் போகட்டும். கரைசல் ஸ்பியரில் ஏறி, இப்போது உச்சியாக இருக்கிற கெக்கின் அடித்தட்டில் மோதிக் குடை மாதிரி விரிந்து, சுவர்களில் வழிந்து, கேஸ் வழியாகப் பக்கெட்டுக்கே திரும்பும். பம்பு வலுவில்லாமல் இருந்தால் கரைசல் மோதாமல் ஸ்பியர்மேலேயே வழிந்துவிடும், சுவர் நனையாது. காதை வைத்துக் கேளுங்கள். உச்சியில் சடசடவென்று மழை அடிக்கிற சத்தம் வர வேண்டும்.

வரிசை இப்படி: குளிர்ந்த தண்ணீரில் ஓர் அலசல், பிறகு சோடியம் பெர்கார்பனேட் அடிப்படையிலான கழுவுபொடி 60 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம், பிறகு நல்ல தண்ணீரில் அலசல், கடைசியில் கிருமிநீக்கி. பெர்கார்பனேட் கரைசல் ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருக்கும். அதை ஊற்றி கெக்கை இறுக்கி மூடி வைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். ஊற வைப்பதாக இருந்தால் வழி திறந்தே இருக்கட்டும்.

காஸ்டிக் சோடா பயன்படுத்துகிறவர்களுக்கு இதைவிடக் கடுமையான எச்சரிக்கை உண்டு. காலியான கெக்கில் கார்பன் டை ஆக்சைடு நிறைந்திருக்கும். அதற்குள் காஸ்டிக் போனால் இரண்டும் சேர்ந்து கார்பனேட் ஆகிவிடும், வாயு மறைந்து உள்ளே வெற்றிடம் உண்டாகும். வழி அடைத்திருந்தால் கெக்கே உள்வாங்கி நசுங்கும். கழுவும் வலுவும் குறையும். முதலில் கேஸை முழுக்க வெளியேற்றித் தண்ணீரால் அலசுங்கள். காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைக் காஸ்டிக்கில் ஊற்றக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். வெந்நீரால் கழுவி உடனே வாயை மூடினாலும் ஆறும்போது இதே வெற்றிடம் வரும்.

முழுதாக வடிந்ததா என்பதற்கு மறுபடியும் தராசுதான். வாங்கிய அன்றே காலிக் கெக்கின் எடையைக் கழுத்தில் எழுதி வையுங்கள். கழுவிய பின் 300 கிராம் கூடக் காட்டினால் 300 மில்லி கரைசல் இன்னும் உள்ளே கிடக்கிறது.

இவ்வளவும் செய்து வாடை போகவில்லை என்றால் பீர்க்கல் படிந்திருக்கும். கால்சியம் ஆக்சலேட்டும் புரதமும் சேர்ந்து எஃகில் ஒட்டும் படிவு அது. ஈரமாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, காய்ந்தபின் சாம்பல் கலந்த வெண்மையாக, நகத்தால் தடவினால் நறநறவென்று இருக்கும். காரக் கழுவுபொடி மட்டும் அதை அசைக்காது. பாஸ்பாரிக், நைட்ரிக் அமிலக் கலவையால் செய்த பீர்க்கல் நீக்கி வேண்டும். அது முடிந்து நன்றாக அலசியபின் ஒரு காரக் கழுவு. அமிலத்தையும் காரத்தையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. குளோரின் பக்கம் அமிலத்தைக் கொண்டே போகாதீர்கள், நச்சு வாயு எழும்.

ஸ்பியரைக் கழற்றியே ஆக வேண்டும்

பீர்க்கல்லை உறுதிப்படுத்தவும், ஸ்பியருக்கும் கெக்கின் கழுத்துக்கும் நடுவில் இருக்கிற வாஷரை மாற்றவும் சில சமயம் இது தேவைப்படும். அழுத்தம் மிச்சமிருக்கும் கெக்கில் சர்க்ளிப்பை (ஸ்பியரைக் கழுத்தில் பிடித்து வைக்கிற வளையத்தை) எடுத்தால் ஸ்பியர் அம்பு மாதிரி பாயும். இப்படி ஆட்கள் இறந்திருக்கிறார்கள். கப்ளரின் அழுத்த விடுப்பு வளையத்தை இழுத்து, சீற்றம் முழுக்க அடங்கும்வரை காத்திருங்கள். பிறகு தாமஸ் வால்வு இல்லாத கப்ளரைப் பூட்டி, கேஸ் வழியைத் திறந்தபடி சில நிமிடம் விடுங்கள். அதற்குப் பிறகும் முகத்தைக் கழுத்துக்கு நேர் மேலே கொண்டுபோகாதீர்கள். சில கெக்குகளில் சர்க்ளிப் இருக்காது, ஸ்பியரே மரை போட்டு முறுக்கியிருக்கும். சிலவற்றில் பாதுகாப்புப் பிடி ஒன்று கூடுதலாக இருக்கும். அவற்றுக்குரிய கருவி இல்லாமல் நெம்ப வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

திறந்ததும் ஒரு டார்ச்சும் பல் மருத்துவர் கண்ணாடியும் வைத்து உள்ளே பாருங்கள். ஊசி குத்தியமாதிரிப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் யாரோ பிளீச்சிங் போட்டு ஊற வைத்திருக்கிறார்கள். குளோரின் துருப்பிடிக்காத எஃகையும் அரிக்கும். மேலோட்டமான துருவை சிட்ரிக் அமிலம் எடுத்துவிடும், குழி விழுந்த கெக் பீருக்கு ஆகாது. சாதாரண எஃகு நார் வைத்துத் தேய்க்கவும் கூடாது, அதன் இழைகளே ஒட்டிக்கொண்டு துருவாகும்.

ஸ்பியரைத் திரும்பப் போடும்போது புது வாஷர், புது சர்க்ளிப். சர்க்ளிப் பள்ளத்தில் சுற்றிலும் ஒரே மட்டமாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். 1 பார் கேஸ் ஏற்றி, கழுத்தில் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு, கப்ளரைக் கழற்றி ஓர் இரவு விடுங்கள். காலையில் கப்ளரைப் பூட்டி வளையத்தை இழுக்கும்போது பலமாகச் சீறினால் பீரை நிரப்பலாம். சீற்றம் தளர்ந்திருந்தால் கெக்கைக் காலிசெய்து ஸ்பியரின் வாஷரை இன்னொரு முறை எடுத்து மடக்கிப் பாருங்கள்.